ஸ்டிக்டா முப்பது

இருமல் ஆலையிலிருந்துதான் வந்தது என்று
நான் சொல்லவில்லை.
இன்சூரன்ஸ் படிவத்திலும் அந்தக் கட்டத்தை
வெறுமையாகவே விட்டேன்.

மூன்று வாரம். இரவு இரண்டு மணிக்கு,
கடிகாரம் பார்த்து வருகிற கடன்காரன்.
வறட்டு இருமல். எதையும் கொண்டு வராது,
எதையும் கொண்டு போகாது.
பிலோமியின் தலையணை
முதலில் கட்டிலின் ஓரத்துக்கு, பிறகு சோபாவுக்குக்
குடிபெயர்ந்தது.

போர்ட் ஆல்பர்னியில் கூழ்த்தொட்டிப் பக்கம்
என்னோடு நிற்கிற ஹர்பிந்தர்
சாப்பாட்டு நேரத்தில் குப்பி ஒன்றை நீட்டினான்.
அவன் மனைவி நனைமோவில் ஹோமியோபதி படித்தவள்.
உள்ளே கடுகளவு வெள்ளைச் சீனி உருண்டைகள்,
மேலே சாய்ந்த கையெழுத்தில்
ஸ்டிக்டா 30.
"மரத்தில் படர்கிற பாசி. பார்க்க நுரையீரல் மாதிரியே இருக்கும்,
அதனால் நுரையீரலுக்கு."
அப்படியென்றால் வழுக்கைக்கு முட்டையா என்றேன்.
சிரித்ததில் இருமல் வந்தது,
இருமியதில் நாலு உருண்டை தரையில் ஓடிற்று.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது.
ஒரு சொட்டுச் சாறு, தொண்ணூற்றொன்பது சொட்டுச் சாராயம்,
குலுக்கு.
அதிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி தொண்ணூற்றொன்பது,
இப்படி முப்பது தடவை.
பன்னிரண்டாவது குலுக்கலுக்குள்
பாசி வீட்டைக் காலி செய்துவிடுகிறது.
மீதிப் பதினெட்டும்
ஆளில்லாத வீட்டைப் பெருக்கித் துடைப்பது.
"இருக்கட்டுமே, இனிப்புத்தானே" என்றாள் பிலோமி,
"நாக்கில் போடு."

அன்று பிரியாணிக்குத் தாளிக்கும்போது
டப்பாவிலிருந்து கல்பாசியை எடுத்து
விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
கருகிய காகிதச் சுருள்.
"இதுக்கு அது என்ன முறை?"
ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் என்றேன்.
எண்ணெயில் அது மணத்தபோது
இருமலும் சற்று மோந்து பார்த்து நின்றது.

ஞாயிறு. புயல் ஓய்ந்த காலை.
ஆலையைச் சுற்றி நிற்கிற மேப்பிள்களில் தேடினேன்.
பட்டை, வெறும் பட்டை.
புகைபோக்கி கண்ணில் படுகிற தூரம்வரை
ஒரு மரத்துக்கும் நுரையீரல் இல்லை.
காரை எடுத்தேன். ஸ்ப்ரோட் ஏரி தாண்டி,
புகைபோக்கி மலைக்குப் பின்னால் அமிழ்ந்து,
சட்டையில் தங்கிய அழுகின முட்டை வாடையும் கழிந்தபின்
ஒரு வளைவில்
முறிந்து விழுந்த கிளை.
அதில் இருந்தது.

உள்ளங்கை அகலம். மேடும் குழியும்.
காய்ந்து, பழஞ்செருப்பின் தோலாக.
போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் சாய்த்தேன்.
எண்ணி இருபது நொடி,
சந்தையில் நீர் தெளித்த கொத்துமல்லிக் கட்டு
தலை நிமிர்வது தெரியுமே,
அப்படி ஒரு பச்சை.

பூஞ்சை ஒன்று, பாசி ஒன்று, நீலப்பச்சைக் கிருமி ஒன்று.
மூன்று பேருக்கும் ஒரே உலை.
வேர் கிடையாது.
மழையும் காற்றும் எது கொண்டுவந்தாலும் அதுதான் சாப்பாடு.
வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரிந்த வழி
ஒன்றே ஒன்று,
செத்துப்போவது.

எங்கள் கந்தகத்துக்குப் பயந்து
இத்தனை கிலோமீட்டர் தள்ளி உயிர்வைத்திருப்பதிடம்
மருந்து கேட்டு நிற்கிறேன்,
சட்டைப் பையில் ஆலையின் அடையாள அட்டையோடு.

பிய்க்கக் கை போனது. போய், நின்றது.
தோலை ஒருமுறை தடவிவிட்டு
எழுந்தேன். இருமினேன்.
புதருக்குள் ஒரு மான்; இவ்வளவு நேரமும்
நான் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறது.
காது மட்டும் திரும்பியது.
கார்க் கதவைச் சாத்தும்போது
அது கிளையருகே குனிந்துவிட்டது.

இரவு பிலோமி: "மருந்து கேட்டுதா?"
இரண்டு மணிக்குத் தெரியும் என்றேன்.

இரண்டு மணிக்கு
ஆலைதான் முதலில் இருமியது,
நீண்ட, வெள்ளை நீராவி.
சோபா முனகுவது கேட்டது.
அவள் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்.
கையில் தலையணை இருந்தது.